ஒரு பேரலில் ரெண்டு கரி அடுப்பு: சபை விருந்துக்குத் தூக்கிப்போகும் கிரில் செய்வது எப்படி?

திருமங்கலம் வாலிபர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் கிளைச் சபைகள் ஐந்து. அறுப்பின் பண்டிகை, ஐக்கிய விருந்து, கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொரு ஊரிலும் கோழியும் மீனும் சுட்டுப் பரிமாற ஒரு கிரில் வேண்டும். 100 முதல் 120 பேர் வருவார்கள். டாடா ஏஸில் நாற்காலி, மைக் செட்டோடு சேர்த்து ஏற்றும்படி இருக்க வேண்டும். ரெண்டு பேர் தூக்க முடிய வேண்டும். காணிக்கைப் பணத்தில் செய்வதால் செலவு குறைவாக இருக்க வேண்டும்.

யோசித்திருப்பது இது: 200 லிட்டர் இரும்புப் பேரலை நீளவாக்கில் பிளந்து, கீழ்ப்பாதி கரிக்கும் மேல்பாதி கீல் வைத்த மூடிக்கும். சுடும் தட்டாக ஜிஐ வெல்ட் மெஷ். கால் நாலும் பேரலோடு சேர்த்து வெல்டிங். இதில் எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

கே.புதூர் பட்டறை

தம்பி, மூணும் தப்பு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஜிஐ மெஷ் கூடவே கூடாது. மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். ஊதிவிட்ட கரி அதற்கு ரொம்ப மேலே போகும். பூச்சு கருகி உரிந்து சாப்பாட்டில் சேரும். வெல்டிங் அடிக்கும்போது வரும் வெள்ளைப் புகை பட்டறைக்காரருக்குக் குளிர்க்காய்ச்சல் வரவைக்கும். பழைய ஃப்ரிட்ஜ் தட்டை எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அதில் துத்தநாகமோ காட்மியமோ பூசியிருக்கலாம், கையால் தொடாதீர்கள். வீடு கட்டும் முறுக்குக் கம்பியும் வேண்டாம். வரிப்பள்ளத்தில் மசாலா கருகி ஒட்டினால் பிரஷ் போகாது. 8 எம்எம் பிளைன் ராடு வாங்குங்கள். கறுப்பு இரும்பு போதும், எண்ணெய் ஏற்றிப் பழக்கினால் தோசைக்கல் மாதிரி வரும்.

கால்: பேரல் தகடு சுமார் 1 எம்எம் கனம்தான். அதன்மேல் நேராகக் காலை வைத்து அடித்தால் வெல்டிங்கிலேயே ஓட்டை விழும். விழாவிட்டாலும் சூடும் ஆட்டமும் சேர்ந்து நாலைந்து விருந்திலேயே தகடு கிழியும். எடையை ஆங்கிள் சட்டம் தாங்க வேண்டும், பேரல் வெறும் கரித்தொட்டி. கால் கழற்றுகிற மாதிரி இல்லையென்றால் வண்டியில் பாதி இடத்தை அதுவே பிடிக்கும்.

மூடியைப் பற்றி: 120 பேருக்கு உங்களுக்குத் தேவை சுடுகிற இடம். மேல்பாதியை மூடியாக்கினால் ஒரு பேரலில் ஒரு அடுப்பு. அதையும் அடுப்பாக்கினால் ரெண்டு. கீல், கைப்பிடி, அதை நிறுத்தும் சங்கிலி எல்லாச் செலவும் மிச்சம்.

மேலூர் மாஸ்டர்

அண்ணே சொல்வதில் தட்டு, கால் ரெண்டுக்கும் மறுபேச்சு இல்லை. மூடியில் மட்டும் ஒப்ப மாட்டேன். எலும்போடு இருக்கும் முழுத்தொடை 35 முதல் 45 நிமிஷம் கேட்கும். மூடி இல்லாமல் அத்தனை நேரம் நேர்க்கரியில் வைத்தால் வெளியே கருகிவிடும், எலும்போரம் பச்சையாக நிற்கும். ஆடி மாசத்து மேல்காத்து நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் திறந்த அடுப்பு ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் செத்துப்போகும்.

கே.புதூர் பட்டறை

மாஸ்டர், நியாயம். ஆனால் மூடி என்றால் கீல் வைத்த பேரல் பாதிதான் என்றில்லையே? சபைச் சமையலறையில் இருக்கும் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து, வேகாத துண்டுகள் இருக்கும் பக்கத்தை மட்டும் மூடினால் போதும். அடுப்பின் ஓரத்தில், கீழே கரி இல்லாத இடத்தின் மேல் கவிழ்க்க வேண்டும். நேராகக் கொதிக்கிற கரிமேல் வெகுநேரம் கிடந்தால் அலுமினியம் நெளியும். காற்றுக்கு, மேற்குப் பக்கம் ரெண்டடி உயரத்தில் தகரத் தடுப்பு ஒன்று.

மேலூர் மாஸ்டர்

அப்படியென்றால் சரி. தொடையை ரெண்டாக வெட்டிவிட்டால் இன்னும் நல்லது. லெக் தனி, தொடைத் துண்டு தனி. 25 முதல் 35 நிமிஷத்தில் ஆகிவிடும்.

பழைய இரும்பு

பேரல் எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. உயிர் போகிற விஷயம் அதுதான்.

தின்னர், பெயிண்ட், பெட்ரோல், பூச்சிமருந்து, ஆசிட் இருந்த பேரல் எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். காலிப் பேரல் என்பது காலி இல்லை, உள்ளே ஆவி நிற்கும். கிரைண்டர் தீப்பொறி ஒன்று போதும், பேரல் குண்டு மாதிரி வெடிக்கும். கழுவிவிட்டோம் என்பது காப்பு ஆகாது, மடிப்பு இடுக்கில் தங்கியது சூட்டில் திரும்ப ஆவியாகும். உள்ளே என்ன இருந்தது என்று ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையென்றால் அந்தப் பேரலைத் தொடாதீர்கள்.

மாம்பழக்கூழ் வந்த பேரலைத் தேடுங்கள். கூழ் உள்ளே தனிப் பையில் வரும், பேரல் தகட்டில் படவே படாது. மேல்மூடி முழுசாகக் கழன்று வரும், வளையம் போட்டுப் பூட்டியிருக்கும். ஆவி தங்க இடமே இல்லை. ஜூஸ் கம்பெனிக்காரர்கள், பழைய பேரல் வியாபாரிகள் வைத்திருப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல். மூடி தனி என்பதால் அப்படியே பிளந்தால் அந்தப் பக்கம் வளையம் கழன்று மூடி விழுந்துவிடும். முதலில் மூடியைப் போட்டு, உள்ளே இருக்கும் ரப்பர் பட்டையை உரித்து எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றி மூணு இன்ச்சுக்கு ஒரு டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்த பிறகே பிளக்க வேண்டும்.

உள்ளே பழுப்பாகவோ பொன்னிறமாகவோ பூச்சு இருந்தால் பிளந்த பிறகு சுட்டு எடுக்க வேண்டும். வெட்டவெளியில் ரெண்டு பாதியிலும் விறகைப் போட்டு ஒரு மணி நேரம் நன்றாக எரியவிட்டு, ஆறியதும் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் சாம்பலாகக் கொட்டும். வெளிப் பெயிண்டும் அப்போதே போய்விடும். அந்தப் புகையில் யாரும் நிற்க வேண்டாம்.

கே.புதூர் பட்டறை

இப்போது செய்முறை. விலை எழுதவில்லை, இரும்பு விலை நிற்கிற விலை இல்லை. எடையும் நீளமும் எழுதுகிறேன், கப்பலூர் பக்கமோ உங்கள் ஊரிலோ அன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். ரெண்டு அடுப்புக்கும் சேர்த்து:

1 இன்ச் ஆங்கிள், 3 எம்எம் கனம்: 20 அடி நீளம் ஒன்று. மீட்டருக்கு 1.1 கிலோ.
8 எம்எம் பிளைன் ராடு: 20 அடி நீளம் 8. மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம், மொத்தம் 19 கிலோ.
10 எம்எம் ராடு: 20 அடி ஒன்று.
1 இன்ச் சதுரப் பைப், 1.6 எம்எம் கனம்: 20 அடி நீளம் ஒன்றரை.
1¼ இன்ச் சதுரப் பைப், 2 எம்எம் கனம்: 4 அடி.
1 இன்ச் பட்டை, 3 எம்எம்: 12 அடி.
கரித்தட்டுக்கு எக்ஸ்பாண்டட் மெட்டல் ஜாலி: ரெண்டு துண்டு, ஒவ்வொன்றும் 80 × 30 செ.மீ.
6 எம்எம் போல்ட் 40, 8 எம்எம் போல்ட் ஒரு டஜன், இறக்கை நட்டு 8. எல்லாம் இரும்பு. அலுமினிய ரிவெட் அடிக்காதீர்கள், சூட்டில் இளகிவிடும்.

பேரல் உயரம் கிட்டத்தட்ட 88 செ.மீ., குறுக்களவு 57. தகட்டில் மேலிருந்து கீழ் ஒரு தையல் ஓடும், அதுவே முதல் கோடு. அதற்கு நேர் எதிரே சுண்ணாம்பு நூல் அடித்து இரண்டாவது கோடு. 4 இன்ச் கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல். மொத்த வெட்டு மூணு மீட்டர் வரும், மடிப்பு விளிம்பில் ரெண்டு மூணு தகடு சேர்வதால் அங்கே வீல் தேயும். நாலு வீல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரெண்டு முனைகளையும் வெட்டி, பக்கக் கோட்டில் ஆங்காங்கே ஒரு விரல் அளவு வெட்டாமல் விட்டு, கடைசியில் அவற்றை வெட்டுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் தகடு வாயை மூடி வீலைக் கடிக்கும்.

ஆங்கிளை வெளியே வைக்க முடியாது, பேரலின் வயிற்று வளையம் ரெண்டும் இடிக்கும். உள்ளே வையுங்கள். நிற்கும் பக்கம் தகட்டோடு ஒட்டி மேல்விளிம்பு வரை, படுத்த பக்கம் கீழே உள்நோக்கி. இப்படி வைத்தால் சட்டமும் ஆச்சு, சுடும் தட்டு உட்காரத் திண்ணையும் ஆச்சு. தட்டு விளிம்புக்குக் கீழே உள்ளிறங்கி நிற்பதால் துண்டு உருண்டு விழாது. 15 செ.மீ.க்கு ஒரு 6 எம்எம் போல்ட்.

ரெண்டு முனையிலும் வெளியே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, 46 செ.மீ. நீளத்தில் 1 இன்ச் சதுரப் பைப் ஒன்றைக் குறுக்கே வைத்து, மூணு 8 எம்எம் போல்ட் போட்டு உள் ஆங்கிளோடு முறுக்குங்கள். அதன் ரெண்டு ஓரத்திலும் 15 செ.மீ. நீளமுள்ள 1¼ இன்ச் பைப்பை நிமிர்த்தி வெல்டிங். இதுதான் கால் சொருகும் குழல். குறுக்குப் பைப் இல்லாமல் குழலை நேராக முனைத் தகட்டில் வைத்தால், பேரலின் மடிப்பு விளிம்பு வெளியே துருத்தி நிற்பதால் கால் இறங்காது. இந்த இடத்தில்தான் பலபேர் விளிம்பை வெட்டிவிட்டு, மடிப்பு பிரிந்து முழிக்கிறார்கள்.

கால் 80 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். குழலுக்கும் காலுக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம் இருக்கும், வெளியிலிருந்து ஒரு போல்ட் முறுக்கிப் பிடிக்கட்டும். இந்தப் பக்கக் காலையும் அந்தப் பக்கக் காலையும் பட்டை போட்டு இறக்கை நட்டால் கட்டுங்கள். இது இல்லாமல் நிறுத்தினால் நீளவாக்கில் ஆடும்.

சுடும் தட்டை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். ரெண்டாகச் செய்தால்தான் ஒன்றைத் தூக்கிக் கரி போட முடியும். ராடு 55 செ.மீ. துண்டாக, ஒரு தட்டுக்கு 19. 10 எம்எம் ராடு ரெண்டு ஓரத்திலும் நடுவிலும். ராடுக்கும் ராடுக்கும் 15 எம்எம்முக்குச் சற்றுக் குறைவான சந்து, அதே கனத்தில் ஒரு மரத்துண்டை இடையில் வைத்து வைத்து டாக் அடித்தால் சீராக வரும். நீளத்தில் தட்டு ரெண்டும் சேர்ந்து உள்ளளவைவிட ஒன்றரை செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். 85 செ.மீ. இரும்பு 400 டிகிரி சூடேறினால் 4 எம்எம் நீளும். இடம் விடாவிட்டால் தட்டு நடுவில் கூன் போடும், இல்லை இறுகி வெளியே வராது.

ஒரு அடுப்பு எல்லாம் சேர்ந்து 30 கிலோ பக்கம் வரும். முனையில் ராடு வளைத்துக் கைப்பிடி வைத்தால் ரெண்டு பேர் சுளுவாகத் தூக்கலாம்.

திருமங்கலம் வாலிபர்

அண்ணே, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். காற்றோட்டத்துக்கு அடியில் ஓட்டை போடலாமா? எங்கள் ஊர் வெல்டர் போல்ட் எதற்கு, எல்லாம் வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார்.

கே.புதூர் பட்டறை

அடிக்கலாம், வெல்டிங் ராடைப் பார்த்து. வழக்கமான 10 கேஜ் ராடில் பேரல் தகடு வெண்ணெய் மாதிரி ஓட்டையாகும். 2 எம்எம் ராடு, 50 ஆம்பியர் பக்கம், ஆங்கிள் மேல் ஆர்க்கை ஊன்றித் தகட்டுக்கு இழுக்க வேண்டும். ஒரு இன்ச் அடித்தால் ஆறு இன்ச் விட வேண்டும். தொடர்ந்து அடித்தால் விளிம்பு அலை அலையாக நெளியும். போல்ட் என்றால் அடுத்த வருஷம் பேரல் ஓட்டையானதும் கழற்றி வேறு பேரலில் மாட்டலாம். தகடுதான் தேயும், சட்டம் பல வருஷம் நிற்கும்.

கரிமூட்டம்

ஓட்டையை அடியில் போடாதீர்கள். தணல் விழுந்து கீழே காய்ந்த புல்லில் பற்றும், சபை வளாகத்தில் அது பெரிய ஆபத்து. சாம்பல் சேர்ந்ததும் ஓட்டையும் அடைந்துவிடும். முனைத் தகட்டில், அடியிலிருந்து 4, 5 செ.மீ. உயரத்தில், பக்கத்துக்கு ஆறு ஓட்டை, 20 எம்எம். ஒரே போல்ட்டில் சுழலும் தகட்டை மேலே வைத்தால் திறந்து மூடலாம். காற்று அடிக்கிற பக்கத்தை மூடி எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தால் கரி நிதானமாக எரியும்.

ஜாலித் தட்டை அடியிலிருந்து 5 செ.மீ. தூக்கி, முட்டுக்கால் வைத்து நிறுத்துங்கள். அதன்மேல் 6 செ.மீ. கரி. அப்போது கரிக்கும் கம்பிக்கும் 14, 15 செ.மீ. இருக்கும். கோழிக்கு அதுதான் சரியான உயரம். கரியை நேராகப் பேரல் அடியில் கொட்டினால் காற்றும் போகாது, தகடும் சீக்கிரம் அரிக்கும்.

கரி: ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து மூட்டங்களில் வேகும் சீமைக்கருவேலங்கரி நமக்குக் கிடைக்கிற நல்ல கரி. கனம், சூடு நிற்கும். மூட்டையைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். தட்டினால் கணீர் என்று சத்தம் வர வேண்டும். மொத்து மொத்தென்றால் ஈரம், இல்லை உள்ளே வேகாத கட்டை. வேகாத கட்டை புகையும், சாப்பாட்டில் அந்த வாடை ஏறும். மூட்டை அடியில் இருக்கும் தூளைச் சலித்து ஒதுக்குங்கள், அது காற்றை அடைக்கும். கொஞ்சம் வெடித்துச் சிதறும் கரி இது, முதல் கால் மணி நேரம் பிள்ளைகள் கிட்டே வர வேண்டாம்.

அளவு: ஒரு அடுப்பு பற்றவைக்க 4 முதல் 5 கிலோ. பிறகு அரை மணிக்கு ஒன்றரை கிலோ. இரண்டரை மணி நேரத்துக்கு அடுப்புக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ. ரெண்டு அடுப்புக்கு 25 கிலோ மூட்டை ஒன்று போதும். புதுக்கரியைச் சுடுகிற துண்டின் அடியில் போடக் கூடாது. பக்கத்தில் பற்றவைத்துச் சாம்பல் பூத்த பிறகே உள்ளே தள்ள வேண்டும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். 15 லிட்டர் எண்ணெய் டின்னின் அடியையும் மூடியையும் வெட்டி எடுத்து, அடிப்பக்கம் சுற்றிலும் ஆணியால் இருபது ஓட்டை போட்டு, நாலு இன்ச் உயரத்தில் ரெண்டு கம்பியைக் குறுக்கே கொடுத்து ஜாலித் துண்டு வையுங்கள். கீழே கொட்டாங்கச்சி, பனையோலை. மேலே கரி. இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் மேல்கரியும் சாம்பல் பூக்கும். புது டின் என்றால் சாப்பாடு வைக்காமல் ஒருமுறை வெறுமனே எரித்துவிடுங்கள்.

மழை வந்தால் அடுப்பை ஆலயத்துக்குள்ளோ ஹாலுக்குள்ளோ இழுக்காதீர்கள். புகை தெரியாவிட்டாலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். மணமே இல்லாத விஷம். துணிப்பந்தல், கீற்றுக்கொட்டகை எதற்கும் பத்தடி தள்ளியே நிறுத்துங்கள். பக்கத்தில் மணல் வாளி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று.

கள்ளிக்குடி

இத்தனை வேலை எதற்கு? ஹாலோ பிளாக் 14, 15 வாங்கி மூணு பக்கம் ரெண்டு வரிசை அடுக்கி, மேலே தட்டைப் போட்டால் முடிந்தது. தட்டுக்கு மட்டும்தான் செலவு.

கே.புதூர் பட்டறை

ஒரே இடத்தில் நடத்தும் சபைக்கு நீங்கள் சொல்வதுதான் சிக்கனம், மறுக்கவில்லை. ஆனால் இவர்களுக்கு ஐந்து ஊர். பிளாக்கை ஏற்றி இறக்கினால் எடை எங்கேயோ போய்விடும், மூலை உடையும். ஈரமான பிளாக் சூட்டில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கரிபடும் பக்கம் மண் பூச வேண்டும். தரைமட்டத்தில் குனிந்து மூணு மணி நேரம் சுடுகிறவர் முதுகையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

மேலூர் மாஸ்டர்

சாப்பாட்டுக் கணக்கு. தட்டில் மூணில் ரெண்டு பங்குக்கு அடியில் மட்டும் கரி, ஒரு பங்கு வெறும். சுட்டு முடித்த துண்டும், எண்ணெய் சொட்டித் தீ எழும்பின துண்டும் ஒதுங்க அந்த இடம். அப்படி வைத்தால் ஒரு அடுப்பில் முழுத்தொடை 20 பக்கம் பிடிக்கும். ரெண்டு அடுப்பில் 120 தொடைக்கு மூணு ஈடு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல். ஆராதனை முடிகிற நேரத்தைப் பார்த்துப் பின்னால் கணக்குப் போட்டுப் பற்றவையுங்கள். முதல் ஈடு ஆறிக் கிடக்கக் கூடாது. மூடிய பாத்திரத்தில் போட்டு அடுப்பின் வெறும் பக்கத்தில் வைத்தால் சூடு நிற்கும்.

10 கிலோ கோழிக்கு: உப்பு 150 கிராம், இஞ்சி பூண்டு விழுது 400, வத்தல்தூள் 150, மஞ்சள்தூள் 30, மிளகு சீரகம் சேர்த்து 100, எலுமிச்சை 12, கடலெண்ணெய் 300 மில்லி. சீனியோ தேனோ சேர்த்தால் கம்பியில் பட்டதும் கருகும். தயிர் போடுவதென்றால் துணியில் வடித்த கெட்டித் தயிர், சொட்டுகிற தயிர் கரியை அணைக்கும்.

ஊறவைத்த கோழி ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது பரிமாற ஆகாது. பச்சைக்கோழி ஊறின மசாலாவை வெந்த துண்டின்மேல் தடவாதீர்கள். தடவ வேண்டுமானால் முதலிலேயே கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள். பச்சைக்கு ஒரு இடுக்கி, வெந்ததற்கு ஒரு இடுக்கி. ஊசித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். எலும்பில் இடிக்காமல் தடிப்பான இடத்தில் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், கரிச்சூட்டில் வெளியே பார்க்க வெந்த மாதிரிதான் இருக்கும்.

மீனுக்குக் கம்பி நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கம்பியில் தேய்த்துவிட்டுப் போடுங்கள். தானாக விடும் வரை புரட்டாதீர்கள். முதலில் ஒட்டும், தோல் முறுகியதும் விடும். அறுப்பின் பண்டிகை என்றால் காணிக்கையாக வரும் மக்காச்சோளம், சீனிக்கிழங்கு ரெண்டும் இதே அடுப்பில் அருமையாக வரும். கிழங்கை வாழையிலையில் சுற்றி ஓரத்துச் சூட்டில் முக்கால் மணி நேரம். சைவக்காரர்களுக்கு ஒரு அடுப்பின் ஒரு தட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், கோழி பட்ட கம்பியில் அவர்களுக்குச் சுட்டுக் கொடுக்கக் கூடாது.

திருமங்கலம் வாலிபர்

எல்லாம் குறித்துக்கொண்டேன். கால் ஏன் 80 செ.மீ. என்று சொல்லவில்லையே அண்ணே?

கே.புதூர் பட்டறை

பேரலின் உள்நீளம் 85 பக்கம். எட்டுக் கால், நாலு தட்டு, ஜாலி, இடுக்கி எல்லாவற்றையும் ஒரு பாதியில் அடுக்கி, மறுபாதியை வாயோடு வாய் கவிழ்த்து, லாரிப் பெல்ட் ரெண்டு போட்டு இறுக்கினால் பழையபடி ஒரே பேரல். டாடா ஏஸில் ஓரமாகப் படுக்கவைக்கலாம். ஒரு துண்டும் தொலையாது. அப்போது 60 கிலோ இருக்கும், நாலு பேர் தூக்குங்கள். கட்டுமுன் அடுப்பு முழுசாக ஆறியிருக்க வேண்டும். சாம்பலுக்குள் தணல் மறுநாள் வரை உயிரோடு இருக்கும், சாம்பலை மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். சாம்பலோடு பேரலைப் பூட்டி வைத்தால் ஈரத்தை இழுத்து ஒரே மழைக்காலத்தில் அடியை அரித்துவிடும்.

கம்பியில் கடலெண்ணெயைத் துணியால் மெல்லிசாகத் தேய்த்து, புகை அடங்கும் வரை சூடேற்றுங்கள். முதல் தடவை மூணு முறை, பிறகு ஒவ்வொரு விருந்துக்குப் பின்னும் ஒருமுறை. வெளிப்பக்கத்துக்குச் சாதாரண எனாமல் வேண்டாம், கொப்புளித்துப் புகையும். சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட் கால் லிட்டர் ரெண்டு பாதிக்கும் காணும்.

பழைய இரும்பு

பேரல் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள் தம்பி. மூடியைத் திறந்து அடி மடிப்பைச் சுற்றிப் பாருங்கள். அங்கே துரு பொரிந்திருந்தால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேறு பேரல் கேளுங்கள்.